கணித மேதை இராமானுசனும் கட்டுக்கடங்காக் கவனமும்

கொங்கு நாட்டின் பெருமைகளை அடுக்கிச் சொல்லும் மேடைகளில், ஈரோடு பெற்றெடுத்த கணித மேதை என்று சீனிவாச இராமானுசனின் பெயரைக் கூறிக் கைதட்டல் பெறுவது வழக்கமாகிவிட்டது. அவர் பிறந்தது ஈரோட்டில்தான். தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் ஈரோடும் நம் தாராபுரமும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஊர்கள். ஆயினும் ஓராண்டு நிரம்பியதும் தாய் கோமளத்தம்மாள் குழந்தையுடன் கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டார். எனவே நாம் உரிமை பாராட்டுவதற்குப் பிறப்பும், வாழ்வின் கடைசிப் பகுதியில் கழிந்த ஒரு கோடையும் தவிர அதிகம் இல்லை. அக்கோடையைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

பெருமை பேசுவதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை. இராமானுசன் ஒரு மாணவராக வகுப்பில் அமர்ந்திருந்த காலத்தில் அவரை என்ன செய்வது என்று கல்வி அமைப்புக்குத் தெரியவில்லை. ஒரு பாடத்தில் மலையைப் போல் நின்றவர், மற்றப் பாடங்களில் மடுவாகக் கிடந்தார். ஆட்டிசம் என்றும், கவனக்குறைவு மிகையியக்கம் என்றும் இன்றைய மருத்துவம் பெயரிட்டு வழங்கும் இயல்புகளுள் ஒன்று அவரிடம் இருந்திருக்குமோ என்று அண்மைக் காலத்தில் அறிஞர் சிலர் ஆராய்ந்துள்ளனர். அயர்லாந்து நாட்டு மனநல மருத்துவரான மைக்கேல் பிட்ஜெரால்டு, ஆட்டிசத்துக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு குறித்து 2004 இல் வெளியிட்ட நூலில் இராமானுசனுக்குத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறார். அவ்வாய்வு எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே எண்ணிப் பார்க்க விழைகிறேன். ஆசிரியர் பணியில் இருக்கும் எனக்கு இது வெறும் வரலாற்று வினா அன்று.

குழந்தைப் பருவத்திலிருந்தே தொடங்குவோம். இராமானுசன் மூன்று வயது வரை பேசவில்லை. பிள்ளை ஊமையோ என்று தாய் அஞ்சினார். காஞ்சிபுரத்தில் பாட்டனாருக்கு அறிமுகமான பெரியவர் ஒருவரின் அறிவுரைப்படி, தரையில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் கையைப் பாட்டனார் பிடித்து எழுத்துகளை எழுதுவித்தார். உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாகத் தமிழ் நெடுங்கணக்கு அந்த அரிசிப் பரப்பின் வழியாகவே அவருக்குள் சென்றது. பேச்சும் வந்தது. உலகம் பின்னாளில் எண்ணின் வழியாக அறிந்த ஒருவரைப் பேச வைத்தவை நம் தமிழ் எழுத்துகள் என்பதைத் தமிழ்த்துறை மலரில் எழுதும்போது சற்று மகிழ்ச்சியுடன் குறிப்பிடுவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிடிவாதம் அவருடைய இன்னோர் இயல்பு. விரும்பியது கிடைக்காவிட்டால் மண்ணில் புரளுவார். வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துச் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்குவார். பள்ளி செல்ல மறுப்பார். சிறிது காலம் சென்னையில் படித்தபோது, அவரை அச்சுறுத்திப் பள்ளிக்கு அனுப்ப வீட்டார் ஒரு காவலரின் உதவியை நாடும் அளவுக்கு மறுத்தார். தாமதமான பேச்சு, பொருள்களை வரிசைப்படுத்தும் பழக்கம், மாற்றத்தைத் தாங்காமை ஆகிய மூன்றும் இன்று குழந்தை மருத்துவர்கள் பெற்றோரிடம் கேட்டறியும் செய்திகள். ஆட்டிசம் என்னும் நிலையை அமெரிக்காவில் லியோ கேனர் 1943 இலும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944 இலும் விரித்துரைத்தனர். இராமானுசன் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் விரித்துரைக்கப்பட்ட ஒரு நிலையைக் கொண்டு அவருடைய குழந்தைப் பருவத்தை அளக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கர். திங்களுக்கு இருபது ரூபாய் அளவில் ஊதியம். துணியை நம்பி வாழும் நம் பகுதியில் அத்தகைய தந்தையரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதிகாலையில் சென்று இரவில் திரும்பும் அவர், மகனின் கல்வியில் தலையிட்டதாகத் தெரியவில்லை. வீட்டை நடத்தியவரும், கல்லூரி மாணவர் சிலரை இல்லத்தில் தங்கவைத்து வருவாய் ஈட்டியவரும் தாயே. அம்மாணவர்களிடமிருந்து பெற்ற கணித நூல்களே சிறுவனின் முதல் நூலகம். லோனி எழுதிய முக்கோணவியல் நூலை அவர் கற்றுத் தேர்ந்தபோது வயது பதின்மூன்று.

1897 நவம்பரில் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் விளக்கியபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் அப்படித்தானா என்று வினவி வகுப்பைத் திகைக்க வைத்த கதை இக்காலத்தது. இத்தகைய வினாவை எழுப்பும் மாணவன் ஆசிரியருக்கு இடையூறாகவே தோன்றுவான். ஆனால் அப்பள்ளியின் மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் வேறு வகையில் நடந்துகொண்டார். ஏறத்தாழ 1200 மாணவர்களையும் முப்பத்தைந்து ஆசிரியர்களையும் கொண்ட பள்ளிக்குக் கால அட்டவணை வகுக்கும் சிக்கலான பணியை அச்சிறுவனிடமே ஒப்படைத்தார். அலையும் மனத்துக்குக் கடினமான வேலையொன்றைக் கொடுத்து அமர்த்திய அந்த ஆசிரியரைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது குறைவு. இராமானுசன் வரலாற்றில் நான் முதலில் வணங்க விரும்புவது அவரையே.

1902 இல் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையைக் கற்றார். நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே வழி கண்டார். ஐந்தாம் படிக்கு முயன்று தோற்றார். அதற்குப் பொதுவான தீர்வு இல்லை என்று ஐரோப்பாவில் முன்பே நிறுவப்பட்டிருந்ததை அவருக்குச் சொல்வார் இல்லை. ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டனில் சொற்பொழிவுகள் நிகழ்த்தியதும் அதே 1902 இல்தான். அறிவில் குறைவில்லாதிருந்தும் கவனத்தை நிலைநிறுத்த இயலாத குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். கவனக்குறைவு மிகையியக்கம் என்று இன்று அழைக்கப்படும் நிலையின் வரலாற்றைப் பலரும் அச்சொற்பொழிவுகளிலிருந்தே தொடங்குகின்றனர்.

மறு ஆண்டு, 1903 இல், அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் ஒருவர் வாயிலாகக் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை நிறுவல் பெரிதும் இன்றிப் பட்டியலாக அடுக்கிய நூல் அது. தேர்வுக்கு உதவும் கையேடாக எழுதப்பட்டதே தவிர, மேதைகளை உருவாக்க எழுதப்பட்டதன்று. அதைக் கண்ட நாள் முதல் இராமானுசனுக்கு உலகில் வேறொன்றும் இல்லாமற் போயிற்று. ஒவ்வொரு தேற்றத்துக்கும் தாமே நிறுவல் காண்பதும், அங்கிருந்து புதியதொன்றுக்குத் தாவுவதுமாக நாட்கள் கழிந்தன. திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்து அமர்ந்திருப்பார். தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் தோன்றும்; உண்மையில் அவர் அங்கே இல்லை. எழுதியதை முழங்கையால் அழிப்பார். துணியைத் தேடி எடுக்கும் நேரம்கூடச் சிந்தனையை அறுத்துவிடும். உணவு வேளையில் சோற்றைப் பிசைந்து உருட்டி வீட்டார் கையில் வைப்பர். மற்றக் கை எழுதிக்கொண்டேயிருக்கும்.

1904 இல் பள்ளியின் கணிதப் பரிசைப் பெற்று, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், அங்கே சரிந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை. வரலாறும் உடலியலும் செவியில் ஏறவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. புடவைக் கடைக் கணக்கரின் மகனால் கட்டணம் செலுத்த இயலவில்லை. 1905 ஆகஸ்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். காணவில்லை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி மற்றொரு வாய்ப்பை அளித்தது. கணிதத்தாளை விரைவில் முடித்துவிட்டு அமர்ந்திருப்பவர், உடலியல் தாளில் எழுத ஒன்றுமின்றித் தவித்தார். 1906 டிசம்பரிலும் அதற்கு மறு ஆண்டிலும் எழுதிய எஃப்.ஏ. தேர்வுகள் இரண்டிலும் தோல்வி. பட்டமில்லை, வேலையில்லை. இருபது வயதில் ஊரார் பார்வையில் அவர் படிப்பு ஏறாத பிள்ளை.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடைசி இருக்கையில் ஒரு மாணவன் இருந்தான். பாடம் நடக்கும்போது அவன் கண் சாளரத்துக்கு வெளியே வேப்பமரத்தில் இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் இரண்டாம் முறைதான் திரும்புவான். கால்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். குறிப்பேட்டில் பாடத்துக்குப் பதிலாகப் பல்சக்கரங்களின் படங்கள் இருக்கும். நான் அவனைப் பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் சில பாடங்களில் தவறியதும் கல்லூரியை விட்டு நீங்கினான். இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் நிட்டிங் இயந்திரங்களுக்கு அவனே மெக்கானிக். ஓடிவரும் துணியில் விழும் மெல்லிய கோட்டைக் கண்டே வட்டத்தில் எந்த ஊசி பழுதென்று சொல்லிவிடுவதாக அங்குள்ளோர் வியந்து கூறினர். அவனுக்கு என்ன நிலை இருந்தது என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் எவரும் அவனைப் பார்த்ததில்லை. கவனமே இல்லாதவன் என்று நான் எழுதிய குறிப்பு மட்டும் தவறானது என்று தெரிகிறது.

கவனக்குறைவு என்ற பெயரே சற்று ஏமாற்றக்கூடியது. அந்நிலையுடையோர் பலர், பிடித்த ஒன்றில் பல மணி நேரம் மூழ்கிக் கிடப்பதுண்டு; பிடிக்காத ஒன்றில் சில நிமிடங்கள்கூட நிலைப்பதில்லை. அவர்களிடம் கவனம் இருக்கிறது. அது ஏவலுக்குக் கட்டுப்படுவதில்லை. இராமானுசனின் கவனமும் அத்தகையது. பகற்கனவைப் பற்றிய அறிவியலும் மாறியிருக்கிறது. வேலையின்றி மனம் அலையும்போது மூளை ஓய்ந்து கிடக்கிறது என்றே முன்பு எண்ணினர். அப்போதும் மூளையின் சில பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கிக்கொண்டேயிருக்கின்றன என்பதை அமெரிக்க அறிஞர் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடன் பணியாற்றியோரும் 2001 இல் எடுத்துரைத்தனர். நினைவுகூர்தலும் எதிர்காலத்தைக் கற்பனை செய்தலும் அந்த இயக்கத்தோடு தொடர்புடையன. அதற்காகப் பகற்கனவு காண்போரெல்லாம் அறிவாளிகள் என்று கொள்ளலாகாது. வகுப்பில் மனம் அலைந்தால் பாடம் போய்விடும். தேர்வில் அலைந்தால் மதிப்பெண் போய்விடும். சிக்கலொன்றை நெடுநாள் தோண்டியவனுக்கே அலையும் மனம் சில நேரங்களில் விடையைக் கொண்டுவந்து தருகிறது. தம் வாய்பாடுகளை நாமகிரித் தாயார் கனவில் அருளியதாக இராமானுசன் நண்பர்களிடம் சொல்லிவந்தார். அது அவருடைய நம்பிக்கை. அதில் நாம் புகவேண்டியதில்லை. கனவுக்கு முன்னும் பின்னும் சிலேட்டில் நடந்த உழைப்பு மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்ததும் குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். குறிப்பேட்டைப் புரட்டிய அவர், இவரைச் சிற்றூர் எழுத்தராக்கினால் இந்த ஆற்றல் அழிந்துவிடும் என்று கருதிச் சென்னைக்குப் பரிந்துரைக் கடிதங்களுடன் அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. மீண்டும் மீண்டும் சந்தித்த பின்னரே நம்பினார். நம்பியபின் திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் தம் பணத்திலிருந்து கொடுத்தார். 1911 இல் பெர்னோலி எண்கள் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை கழக இதழில் வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

அங்கே கணக்குத் துறைத் தலைவராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதம் கற்றவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வர். இராமானுசன் ஒரு படியிலிருந்து பத்தாம் படிக்குத் தாவுவார். பிறருக்கு விளங்கும்படி இடைப்படிகளை எழுதச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். துறைமுகத்தில் கிடக்கும் பொதித்தாள்களைப் பொறுக்கி எழுதுவதையும், பகலில் கோப்புகளுக்கிடையே கணக்குப் போடுவதையும் மேலதிகாரிகள் கண்டுகொள்ளாதது போல் இருந்தனர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகக் கடிதங்களும் எழுதினார். ஓர் அலுவலகம் தன் எழுத்தரின் கவனச் சிதறலைப் பொறுத்துக்கொண்டதால் உலகுக்குக் கிடைத்த பயன் இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது.

1913 சனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதன் விளைவும் நாடறிந்தவை. அதற்கு முன் இரு கணித அறிஞர்களுக்கு அனுப்பியவை பயனளிக்கவில்லை. ஹார்டி தம் தோழர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவ்வாய்பாடுகளை ஆராய்ந்து, எழுதியவர் முதல் தரக் கணிதர் என்று முடிவு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதிகளைத் தளர்த்தி, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இரு முறை தேர்வில் தவறியவருக்காக ஒரு பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியதை நம் கல்விக் குழுக்களில் அமர்வோர் அறிந்திருத்தல் நன்று. 1914 மார்ச்சு 17 இல் நெவாசா என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தடுமாற்றம். முறையான கணிதத்தின் பெரும்பகுதி இவருக்குத் தெரியவில்லை. முழுதும் கற்பித்தால் ஊற்று அடைபடுமோ என்ற அச்சம்; கற்பிக்காமல் விட்டால் பிழைகள் நிலைத்துவிடுமோ என்ற கவலை. தேவையானதை மட்டும் கூட்டாய்வின் போக்கிலேயே கற்பித்தார். எண்களின் பிரிவினை பற்றி இருவரும் சேர்ந்து கண்ட முறை இன்றும் கணிதத்தில் வழங்குகிறது. 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கிடைத்தது.

அவருடைய தனி வாழ்க்கையின் நிகழ்ச்சிகள் சிலவற்றை ஆட்டிசக் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் தத்தம் பக்கம் இழுக்கலாம். ஒருநாள் இந்திய நண்பர்களுக்குத் தாமே சமைத்து விருந்தளித்தார். இரசத்தை மூன்றாம் முறை பரிமாற முயன்றபோது வந்திருந்த பெண்மணிகள் போதும் என்றனர். விருந்தளித்தவர் ஓசையின்றி வெளியேறிச் சில நாட்கள் ஆக்ஸ்போர்டில் தங்கிவிட்டார். தாம் அவமதிக்கப்பட்டதாக எண்ணிவிட்டார். குளிரில் நடுங்கியபடி போர்வைகளின் மேல் உறங்கியவருக்கு, கட்டிலில் மடித்துச் செருகப்பட்ட கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பதைப் பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ் சொல்லிக்கொடுத்தார். பிறர் சமைத்ததை உண்ணாமல் தாமே சமைத்து உண்டார். அயல்நாட்டார் எழுதும்போது இவையெல்லாம் விந்தையான இயல்புகளாகத் தோன்றக்கூடும். நமக்கோ, மரக்கறி உணவு நெறியில் ஊறிய குடும்பத்துப் பிள்ளை அப்படித்தான் செய்வான் என்பதும், விசிறியின் கீழ்ப் பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு ஆங்கிலேயக் கட்டில் புதிர்தான் என்பதும் எளிதில் விளங்கும். மறுபுறம், அவருடன் பழகியோர் அவரைக் கலகலப்பானவர், நகைச்சுவை சொல்பவர், நண்பர் பலரை உடையவர் என்றே நினைவுகூர்ந்தனர். ஆகவே இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்புகளை வைத்து நோய்க்குறி எழுதுவது பொருந்தாது என்பதே என் கருத்து. மருத்துவர் நேரில் பார்த்துக் கேட்டறிந்து செய்ய வேண்டியதை நூலகத்தில் அமர்ந்து செய்ய முடியாது.

ஆயினும் ஆராய்ச்சி முற்றிலும் வீண் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. இராமானுசன் பயின்ற அதே கேம்பிரிட்ஜில் கணித மாணவரிடையே ஆட்டிச நிலை பிறதுறை மாணவரைக் காட்டிலும் மிகுந்திருந்ததாக சைமன் பேரன்கோஹனும் குழுவினரும் 2007 இல் வெளியிட்டனர். நுணுக்கங்களையும் ஒழுங்கமைப்புகளையும் தேடும் மனப்பாங்கு இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதை ஒரு பெற்றோர் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் அறிவுத்திறன் எல்லா அளவிலும் காணப்படுகிறது. பேச்சே வராத குழந்தைகள் உண்டு. வாழ்நாள் முழுதும் துணை வேண்டியோர் உண்டு. வியத்தகு தனித்திறன் உடையோர் சிறுபான்மையினரே. கவனக்குறைவு மிகையியக்கமும் அறிவுத்திறனைத் தானாகக் கூட்டித்தருவதில்லை. தக்க உதவியின்றி விட்டால் உள்ள திறனும் வெளிப்படாமற் போகும். நம் ஊரில் அத்தகைய குழந்தையை வளர்க்கும் தாயிடம், இவன் இன்னோர் இராமானுசன் ஆவான் என்று ஆறுதல் சொல்வோர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கின்றனர். அந்தத் தாய்க்கு வேண்டியது அந்தச் சொல்லைவிடப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளியும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. கவனக்குறைவு மிகையியக்கம் அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை.

மீண்டும் இராமானுசனிடம் வருவோம். போர்க்காலத் தட்டுப்பாடு, ஏற்ற உணவின்மை, குளிர், வீட்டிலிருந்து கடிதம் வாராமை எல்லாம் சேர்ந்து அவர் உடலை அழித்தன. 1917 முதல் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார். 1918 தொடக்கத்தில் துயரம் மேலிட்டு உயிரை விடவும் துணிந்தார், நல்வாய்ப்பாகத் தப்பினார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுத்தகையரும் ஆனார். வெளியே புகழ் உச்சியில் இருந்தபோது உள்ளே இப்படியொரு இருள் இருந்தது. தனிமையில் வாடும் மாணவரை விடுதியில் கண்டால் பேச்சுக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். நோய்ப்படுக்கையில் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்ற எண் என்று கூறியதும், அது இரண்டு கனங்களின் கூட்டலாக இருவேறு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்று இவர் உடனே விடையிறுத்ததும் பலரும் அறிந்த கதை. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் என்று கூட்டிப் பார்க்கலாம். மின்னல் போல் வந்த விடை என்று இதைச் சொல்வர். அந்த எண்ணோடு தொடர்புடைய சமன்பாட்டை அவர் முன்பே தம் குறிப்பேட்டில் ஆராய்ந்திருந்தார் என்பதைச் சொல்வோர் குறைவு.

1919 மார்ச்சு 27 இல் பம்பாயில் வந்திறங்கினார். அவ்வாண்டுக் கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காவிரிக்கரைக் கொடுமுடியில் தங்கினார். நம் தாராபுரத்திலிருந்து வெள்ளகோவில், முத்தூர் வழியே சென்றால் அடையக்கூடிய ஊர் அது. பிறந்த ஈரோட்டுக்கு அருகிலேயே, முப்பத்தொரு வயதில், எலும்பும் தோலுமாக வந்து அமர்ந்திருந்தார். பின்னர்க் கும்பகோணமும், அங்கிருந்து சென்னைச் சேத்துப்பட்டும் சென்றார். காச நோய் என்றே மருத்துவம் செய்தனர். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994 இல் ஆங்கில மருத்துவர் ஒருவர் விளக்கினார். அப்படியாயின், அந்நாளிலேயே தீர்க்கத்தக்க நோய் அது.

1920 சனவரி 12 இல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். இன்று கருந்துளைகளை ஆராயும் இயற்பியலாரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். படுக்கையில் சாய்ந்தபடி எழுதிக்கொண்டேயிருந்தார். எழுதிய தாள்களை ஜானகி திரட்டி வைத்தார். ஏப்ரல் 26 ஆம் நாள் காலை உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு. அந்தத் தாள்கள் பல்கலைக்கழகத்தின் வழியாக இங்கிலாந்து சென்று, கைமாறி, டிரினிட்டி நூலகத்தில் பேசுவாரற்றுக் கிடந்தன. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் புரூஸ் பெர்ண்டும் அதற்கு எழுதிய விளக்கத் தொகுதிகளின் ஐந்தாவது 2018 இல் வெளிவந்தது.

தாள்களைத் திரட்டிய அம்மையாருக்குக் கணவரை இழந்தபோது வயது இருபத்தொன்று. சில ஆண்டுகள் பம்பாயில் உடன்பிறந்தார் இல்லத்தில் தங்கித் தையல் கற்றார். 1931 அளவில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியமர்ந்து, தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் கற்பித்தும் தம் கையால் உழைத்து வாழ்ந்தார். ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994 ஏப்ரலில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.